மூணுக்குள் இருந்தால் டீசல்

வியாழக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, மாமல்லபுரத்தைத் தாண்டிக் கடற்கரைச் சாலையில் இருக்கும் அந்தப் பெட்ரோல் பங்க்கின் அலுவலக அறையில் இருந்தவர்கள்:

லக்ஷ்மிநாராயணன், முதலாளி. நெற்றியில் சந்தனம், கையில் செல்போன், வாயில் போலீஸ்.

காசிநாதன், மேனேஜர். பதினெட்டு வருட சர்வீஸ். அறையில் சிரித்த முகத்தோடு இருந்த ஒரே ஆள்.

தமீம், டெப்போவிலிருந்து டீசல் கொண்டுவரும் டேங்கர் டிரைவர். வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

கீர்த்தனா, காலை ஷிஃப்ட் சூப்பர்வைசர், வயது இருபத்து நாலு. குற்றவாளி என்று மற்ற மூன்று பேரும் ஏற்கெனவே முடிவு செய்திருந்த பெண்.

ஷாஹிதா, துப்பறிபவள். செங்கல்பட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் அலுவலகம். மின்விசிறிக்கு நேர் கீழே நின்றாள்.

பார்த்திபன், அவளுடைய உதவியாளன். காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் போடாத ஒரே ஆள். வழக்கைவிட அவனுக்கு அதுதான் பெரிய விஷயமாக இருந்தது.

ஷாஹிதா வாயைத் திறப்பதற்குள் முதலாளி ஆரம்பித்துவிட்டார்.

"பதினோரு வண்டி மேடம். செவ்வாக்கெழம சாயந்தரத்துலேர்ந்து நேத்து ராத்திரி வரைக்கும் நம்மகிட்ட டீசல் போட்ட வண்டிங்க. பதினொண்ணும் கறுப்பா புகை கக்கி நடுரோட்டுல நின்னுடுச்சு."

"அதுல ஒண்ணு கல்யாண வேன்," என்றார் காசிநாதன் உற்சாகமாக. "மாப்ள வெங்கப்பாக்கத்துல எறங்கி, ஷேர் ஆட்டோல டிரைவர் பக்கத்துல உக்காந்துகினு போயி தாலி கட்டிருக்காரு. மாலையோட."

"தாலி கட்டிட்டாருல்ல? அப்ப நம்ம மேல கேஸ் போட மாட்டாரு," என்றான் பார்த்திபன். "ஒரு வருஷம் கழிச்சு வேணா போடுவாரு."

முதலாளி சிரிக்கவில்லை. "நாலு மணிக்கு ஆயில் கம்பெனி ஆபீசர் வராரு. அதுக்குள்ள கலப்படம் பண்ணது யாருன்னு நான் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருக்கணும். இல்லன்னா என் லைசென்ஸ் காலி. எழுதறதுக்கு ஒரே பேருதான் கீது." கீர்த்தனாவைப் பார்த்தார்.

"எழுதினா எனக்கு வேல போயிடும் சார்," என்றாள் கீர்த்தனா. அழவில்லை. அழுது முடித்திருந்தாள். "இந்த வேல இல்ல. அந்த வேல."

அந்த வேலை என்பது மத்திய அரசு டெக்னீஷியன் வேலை. பரீட்சை எழுதித் தேறியிருந்தாள். அணுபுரத்தில் அரசு வீடு கிடைக்கும் என்று அம்மா இப்போதே கருங்குழியில் ஊரெல்லாம் சொல்லியாயிற்று. வேலையில் சேர்க்கும் முன் நடத்தும் போலீஸ் விசாரணை அடுத்த வாரம். கலப்பட வழக்கு ஒன்று அந்தப் பெயரில் ஏறினால் கதை அத்தோடு முடிந்தது. பார்த்திபனும் அதே தெருக்காரன் என்பதால்தான் ஷாஹிதாவுக்கு போன் வந்தது.

"எந்த ஆதாரத்துல இவ பேரு?" என்றாள் ஷாஹிதா.

முதலாளி ஒரு நீள ரிஜிஸ்டரை மேஜைமேல் தள்ளினார்.

பங்க்குகளில் தினமும் காலை ஆறு மணிக்கு நடக்கும் சடங்கு இது. வண்டிக்கு ஊற்றும் நாசிலிலிருந்து ஒரு ஜாடி டீசல் பிடிப்பார்கள். ஹைட்ரோமீட்டர் என்ற கண்ணாடிக் குழாயை அதில் மிதக்க விடுவார்கள். எந்தக் கோடு வரை முங்குகிறதோ அதுதான் அடர்த்தி. சூட்டுக்குத் தகுந்தபடி அட்டவணையைப் பார்த்துத் திருத்தி எழுதி, சரக்கு வந்த பில்லில் இருக்கும் அடர்த்தியோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கடைசிக் கட்டத்தில் போட வேண்டும். அந்தக் கட்டத்தின் தலையில் அச்சடித்திருந்தது: 'வித்தியாசம் 3-க்குள்.' தாண்டினால் விற்பனையை நிறுத்த வேண்டும்.

போன ஆறு நாளும் கீர்த்தனா எழுதியிருந்தது: 0.832, 0.832, 0.829, 0.824, 0.817, 0.811. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக். கீழே கையெழுத்து.

"தலைப்பப் பாருங்க மேடம்," என்றார் முதலாளி. "கன மீட்டருக்குக் கிலோன்னு அச்சடிச்சிருந்தத அடிச்சுட்டு, கிராம், சிசின்னு பேனால எழுதியிருக்கா. ரெக்கார்டத் திருத்தியிருக்கா!"

"பழைய குழாய் ஒடஞ்சிடுச்சு. புதுசுல புள்ளி வெச்ச நம்பர்தான் இருந்துச்சு," என்றாள் கீர்த்தனா. "பில்லுல 832-ன்னு இருந்தா ஆயிரத்தால வகுத்து 0.832-ன்னு போட்டு, அதுலேர்ந்து கழிச்சேன். தலைப்பையும் அதுக்கேத்த மாதிரி மாத்தினேன். மறைச்சு ஒண்ணும் பண்ணல."

ஷாஹிதா அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் உதட்டோரம் ஒரு தடவை துடித்து அடங்கியதைப் பார்த்திபன் கவனித்தான். சிரிப்பை விழுங்கும்போது அவளுக்கு அப்படி ஆகும்.

"பழசு எப்படி ஒடஞ்சது?"

"ஒரு மாசம் முன்னாடி. காலையில வந்து பாத்தா தரையில தூளாக் கெடந்தது."

"பூனை தள்ளியிருக்கும்," என்றார் முதலாளி.

"பூனைக்கு டீசல் டென்சிட்டி மேல இன்னா சார் விரோதம்?" என்றான் பார்த்திபன்.

"புதுச யாரு வாங்கினது?"

தமீம் கையைத் தூக்கினார். "நான் எடுத்தாந்தேன். செங்கல்பட்டுல ஷஃபியுல்லா பாய் கடை. முன்னாடியே போன்ல சொல்லி வெச்சிருந்தாங்க. போற வழியில வாங்கிக் குடுத்தேன். அவ்ளோதான்."

"போன்ல சொன்னது யாரு?"

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் முதலாளியைப் பார்த்தார். "நீ தானய்யா?" "நீங்கன்னு நெனச்சேன் சார்." இருவரும் தமீமைப் பார்த்தார்கள். தமீம் வெளியே நின்ற தன் லாரியைப் பார்த்தார்.

"எனக்கு இந்தப் புள்ளிக் கணக்கெல்லாம் சுத்தமா வராது மேடம்," என்று சிரித்தார் காசிநாதன். "டேங்க்ல எத்தினி லிட்டர் கீதுன்னு கேளுங்க, தூக்கத்துல சொல்லுவேன்."

"பார்த்தி, வண்டிய எடு," என்றாள் ஷாஹிதா.

திருக்கழுக்குன்றத்தில் பார்த்திபன் வண்டியை நிறுத்தியது பசியால். ஷாஹிதா இறங்கியது பரிதாபத்தால். நாலு இட்லி உள்ளே போன பிறகுதான் அவனுக்கு மூளை வேலை செய்தது.

"மேடம், எல்லா நம்பரும் மூணுக்குள்ளதானே கீது? அந்தப் பொண்ணு இன்னா தப்பு பண்ணா?"

"எந்த மூணு?"

"மூணுன்னா மூணுதான்."

"மூணு இஞ்ச்சா, மூணு மைலா?"

அவன் விழித்தான். ஷாஹிதா கடையின் கூரைமேல் நின்ற கறுப்புத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினாள். "அது எவ்ளோ பிடிக்கும்?"

"ஆயிரம் லிட்டர்."

"ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம்னு பெட்டி செஞ்சாலும் அதே ஆயிரம் லிட்டர்தான். ஒரு கன மீட்டர். தண்ணி ரொப்பினா ஆயிரம் கிலோ. டீசல் ரொப்பினா, அது லேசு, எண்ணூத்தி முப்பத்திரெண்டு கிலோ. பில்லுல போடறது இந்தக் கணக்கு. இப்ப அதே டீசல ஊசியில ஒரு சிசி எடு. எவ்ளோ வெயிட்டு?"

"அத எடை போட எங்க போறது?"

"0.832 கிராம். அதே டீசல், அதே அடர்த்தி. நம்பர் மட்டும் ஆயிரத்துல ஒரு பங்கு. அப்ப கழிச்சு வர்ற வித்தியாசம்?"

"அதுவும் ஆயிரத்துல ஒரு பங்கு." பார்த்திபன் இட்லியைச் சட்னியில் வைத்தபடியே நின்றான். "அப்ப அந்த மூணு..."

"அது கிலோ கணக்கு மூணு. கிராம் கணக்குல அது 0.003 ஆயிருக்கணும். நம்பர மாத்தினாங்க, தலைப்ப மாத்தினாங்க, மூண யாரும் தொடல. கடைசி நாள் வித்தியாசம் 0.021. கிலோவுல இருபத்தொண்ணு. ஏழு மடங்கு தாண்டியிருக்கு. அந்தப் பொண்ணு டிக் அடிச்சிருக்கா."

"அப்ப இன்னா ஊத்தினாலும் பாஸா?"

"நீயே பாரு. கடல் தண்ணி 1.025. கழிச்சா 0.193. மூணுக்குள்ள."

"பாஸ். தேனு?"

"1.4. பாஸ்."

"மேடம்... மாமல்லபுரத்துக் கல்லு?"

ஷாஹிதா ஒரு விநாடி யோசித்தாள். "கருங்கல்லு 2.7. கழிச்சா 1.868."

"பாஸ்!" பார்த்திபன் போட்ட கத்தலில் டீ மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். "அஞ்சு ரதத்தையும் அரைச்சு டேங்க்ல கொட்டினாலும் டிக் அடிப்பாங்களா?"

"இரும்பு 7.8. அது மட்டும் ஃபெயிலாகும்."

"அப்பாடா. கொஞ்சமாவது நேர்மை கீது." வாயைத் துடைத்துக்கொண்டான். "அப்ப கீர்த்தனா மேலதான் தப்பா?"

"கவனிக்காதது தப்பு. கலந்தது அவ இல்ல. கலந்தவ எதுக்கு 0.811-ன்னு உண்மைய எழுதறா? தெனமும் 0.832-ன்னு பொய் எழுதிட்டுப் போயிட மாட்டாளா? இந்த வேலைய செஞ்சவனுக்கு ரிஜிஸ்டர் கையில இல்ல. அவ பொய் எழுத மாட்டான்னு அவனுக்குத் தெரியும். அதனால உண்மைய எழுதியே பாஸாகற மாதிரி ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கான். மொதல்ல 0.829, அடுத்து 0.824. டிக் விழுதான்னு பாத்தான். விழுந்துச்சு. அப்புறம் அதிகமா ஊத்தினான்."

"தமீமுதான் மேடம். பிரியாணி பந்தயம். ஒரு தடவகூட உக்காரல அந்த ஆளு."

"லாரி ஓட்றவன் நாள் பூரா உக்காந்துதான் இருக்கான். நிக்கக் கிடைச்சா நிப்பான்," என்றாள் ஷாஹிதா.

செங்கல்பட்டு பஜாரில் ஷஃபியுல்லாவின் கடை பள்ளிக்கூட லேபுகளுக்குச் சாமான் விற்கும் கடை. வாசலில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு நின்றது. பார்த்திபன் அதற்கு சலாம் வைத்தான்.

"நல்லா ஞாபகம் கீதும்மா," என்றார் ஷஃபியுல்லா. "பங்க்குக்குன்னா எல்லாரும் 832-ன்னு முழு நம்பர் போட்டதுதான் வாங்குவாங்க. அதத்தான் எடுத்து வெக்கறேன்னு சொன்னேன். 'வேணாம் பாய், 0.832-ன்னு புள்ளி வெச்சதுதான் வேணும்'னு மூணு வாட்டி சொன்னான். எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு."

"சொன்னான்னா, ஆம்பளயா மாமா?" என்றாள் ஷாஹிதா.

"ஆம்பளதான். குரலு சரியா நெனவில்ல. லைன்ல ஒரே வண்டிச் சத்தம்."

"அப்ப கீர்த்தனா தப்பிச்சா," என்றான் பார்த்திபன்.

"அவளே யாரையாவது பேசச் சொல்லியிருப்பான்னு வக்கீல் சொல்லுவாரு. பத்தாது." ஷாஹிதா ஷஃபியுல்லாவிடம் குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். பார்த்திபன் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு வந்தபோது அவள் கையில் தினத்தாளில் சுற்றிய ஒரு நீளப் பொட்டலம் இருந்தது. இன்னொரு அட்டைக் குழாயை அவனிடம் நீட்டினாள்.

"தெர்மாமீட்டர். சட்டைக்குள்ள வெச்சுக்க. ஒடஞ்சா உன் சம்பளம்."

முப்பது கிலோமீட்டர் தூரமும் பார்த்திபன் கழுத்துப் பிடித்தவன் மாதிரி நிமிர்ந்தே வண்டி ஓட்டினான். ஒவ்வொரு வேகத்தடையிலும் கடவுளைக் கூப்பிட்டான். ஒரே கடவுளைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று மதம் மாற்றி மாற்றிக் கூப்பிட்டான்.

இரண்டே முக்காலுக்கு பங்க்குக்கு வந்தபோது அதே நான்கு பேரும் அறையில் இருந்தார்கள். முதலாளி புகார் எழுத வெள்ளைத்தாள் எடுத்து வைத்திருந்தார். கீர்த்தனா சுவரோரம் நின்றாள்.

ஷாஹிதா பொட்டலத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். கண்ணாடிக் குழாய். உள்ளே 800, 810, 820 என்று முழு எண்கள்.

"பழைய மாதிரியே ஒண்ணு கெடச்சுது," என்றாள் சாதாரணமாக. "சும்மா ஒரு தடவ டீசல்ல விட்டுப் பாத்துட்டு நாங்க கெளம்பறோம். ரிஜிஸ்டர்ல எல்லாம் சரியாத்தான் கீது. பார்த்தி, கீர்த்தனாவோட போயி ஒரு ஜாடி டீசல் பிடிச்சுட்டு வா. நான் ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்."

வெளியே வந்ததும் பார்த்திபன் பல்லைக் கடித்தான். மூன்று பேர் இருக்கும் அறையில் அந்தக் குழாயைத் தனியாக விட்டுவிட்டு வருவதா? ஷாஹிதா போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள். போனில் யாரும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். சார்ஜ் தீர்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

கீர்த்தனா நாசிலை ஜாடிக்குள் விட்டாள். "அண்ணா, ஒண்ணு சொல்லட்டா? முழு நம்பர் குழாயப் பாத்ததும்தான் எனக்குப் புரிஞ்சுது. அந்த மூணு. பரீட்சைல இதே கேள்வி வந்துச்சு. கிராம், சிசியில குடுத்து கிலோ, கன மீட்டர்ல கேட்டாங்க. சரியா எழுதினேன். இங்க மட்டும் தெனமும் தப்பா டிக் அடிச்சேன்."

"பரீட்சைல பின்னாடி அம்பது லாரி ஹாரன் அடிச்சிருக்காதுல்ல," என்றான் பார்த்திபன்.

அறைக்குள் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது.

ஜாடியோடு ஓடினான். தமீமின் சட்டையைப் பிடிக்க வலது கையைத் தயாராக வைத்துக்கொண்டு ஓடினான். தமீம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், நிற்கவைத்த இடத்தில் நின்றபடி. முதலாளி போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் காசிநாதன் குனிந்து சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அய்யய்யோ, மன்னிச்சிருங்க மேடம்," என்று நிமிர்ந்து சிரித்தார். "தூசியா கீதே, தொடச்சு வெப்போம்னு எடுத்தேன். கை வழுக்கிடுச்சு. அந்தப் புள்ளி வெச்சது கீதே, அதுலயே பாத்துக்கலாமே?"

"பரவால்ல," என்றாள் ஷாஹிதா உள்ளே வந்தபடி. "அது ஷஃபி மாமா குப்பையில போட வெச்சிருந்தது. அடியில விரிசல். நல்லது பார்த்தி சட்டைக்குள்ள கீது."

பார்த்திபன் தன் மார்பைத் தானே பார்த்துக்கொண்டான். "இது தெர்மாமீட்டர்னு சொன்னீங்க?"

"ஹைட்ரோமீட்டர்னு சொல்லியிருந்தா வழியெல்லாம் பேசியிருப்ப."

காசிநாதனின் முகத்தில் பதினெட்டு வருடச் சிரிப்பு அப்படியே நின்றது, ஆனால் பின்னால் ஆள் இல்லை. பார்த்திபன் ஒரு பிரியாணி தோற்றதை அந்த விநாடியில்தான் உணர்ந்தான்.

ஷாஹிதா குழாயை ஜாடியில் விட்டாள். அது ஆடி, நின்றது. "கீர்த்தனா, நீயே படி. சூட்டுக் கணக்கும் போட்டுச் சொல்லு."

கீர்த்தனா அட்டவணையில் விரலை ஓட்டினாள். "எண்ணூத்திப் பதினொண்ணு."

"பில்லுல?"

"எண்ணூத்தி முப்பத்திரெண்டு. வித்தியாசம் இருபத்தொண்ணு." கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். "மூணுக்குள்ள இருக்கணும்."

முதலாளி போனைக் கீழே இறக்கினார். "காலையில 0.021-ன்னுதானே இருந்துச்சு?"

"ரெண்டும் ஒண்ணுதான் சார். உங்க ரிஜிஸ்டர் ஒரு மாசமா கருங்கல்லக்கூட டீசல்னு ஏத்துக்கும்," என்றான் பார்த்திபன்.

"இந்த அறையில மூணு ஆம்பளைங்க," என்றாள் ஷாஹிதா. "முழு நம்பர் போட்ட குழாய் வந்ததும் ரெண்டு பேருக்கு அது வெறும் கண்ணாடி. ஜன்னல் வழியா பாத்துட்டுத்தான் இருந்தேன். ஒருத்தர் திரும்பிப் பாக்கல, ஒருத்தர் போன்ல இருந்தாரு. ஒருத்தருக்கு மட்டும் அது ஆபத்து. புள்ளிக் கணக்கு சுத்தமா வராதவருக்கு."

"கை வழுக்கறதெல்லாம் குத்தமா மேடம்?" காசிநாதனின் குரல் ஏறியது. "நான் எங்கேர்ந்து கலக்கறது? டீசல் வர்றது இவன் லாரியில! இவனக் கேளுங்க!"

தமீம் முதல்முறையாக வாசலை விட்டு ஓர் அடி உள்ளே வந்தார்.

"என்னைய இழுக்காத அண்ணாத்த. ஆயில் ரூமுக்கு நாலு பேரல் உருட்டிக் குடுன்னியே போன வாரம், இன்ஜின்ல ஊத்தற லூப் ஆயில்னு. லூப் ஆயிலு கெட்டி. உருட்டினா உள்ள ஆடாது. அது தண்ணி மாதிரி சலசலன்னு ஆடிச்சு. மண்ணெண்ண வாட வேற."

"அப்பவே ஏன்யா சொல்லல?" என்றார் முதலாளி.

"யாரு கேட்டீங்க? சொல்லியிருந்தா 'நீதான் கொண்டாந்தே'ன்னு எம்மேலயே எழுதியிருப்பீங்க."

உண்மையும் அதுதான்.

"பேரல்ல இன்னா கீதுன்னு நானே காட்டறேன்!" காசிநாதன் தமீமை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தார். ஐம்பது வயதுக்கு அது நல்ல ஓட்டம். அலுவலகத்துக்குப் பின்னால் ஆயில் ரூம். ஒரே இரும்புக் கதவு, மேலே கம்பி போட்ட ஒரு ஜன்னல். எல்லாரும் பின்னால் போய்ச் சேர்வதற்குள் அவர் உள்ளே ஒரு பேரலைச் சாய்த்து, மூடியைத் திருகிக்கொண்டே வாசலை நோக்கி உருட்டிக்கொண்டிருந்தார். வாசலுக்கு வெளியே சாக்கடை.

"சாக்கடையில விடப் போறான்!" என்று கத்தினார் முதலாளி.

எல்லாருக்கும் முன்னால் ஓடி வந்திருந்தவள் கீர்த்தனா. கதவின் கைப்பிடியைப் பிடித்தவள் ஷாஹிதாவைத் திரும்பிப் பார்த்தாள். "உள்ளயே ஊத்தினா?"

"ஊத்தட்டும். தரையில கெடக்கும். ஆபீசர் நாலு மணிக்கு வந்து அள்ளிப் பாத்துக்குவாரு."

முதலாளி அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தார். "ஸ்டேஷனா? லக்ஷ்மிநாராயணன் பேசறேன், பங்க்குலேர்ந்து. ஆமா சார், புகார்தான். இல்ல சார், அந்தப் பொண்ணு பேரு இல்ல. அந்தப் பொண்ணு பேர எங்கயும் போட வேணாம். எழுதிக்கங்க, காசிநாதன்..."

தன் பெயரைக் கேட்டதும் காசிநாதன் பேரலை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "கீர்த்தனா, இரும்மா, நான் சொல்றத ஒரு நிமிஷம்..."

கீர்த்தனா கதவை இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாளைத் தள்ளினாள், காசிநாதன் சாவியோடு விட்டிருந்த பூட்டை மாட்டினாள், சாவியை இரண்டு சுற்று திருப்பினாள்.